பொம்மைக்குப் பின்னிய சட்டை

மதுரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்ட பொம்மை வைத்திருந்த ஒரே பிள்ளை அநேகமாக நானாகத்தான் இருப்பேன். சட்டை மட்டுமில்லை, காதை மூடும் குல்லாவும் காலுறையும் உண்டு. வைகாசி மாதம். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் தரை மத்தியானத்தில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். அப்பா பனியனைக்கூடக் கழற்றிவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்திருப்பார். பொம்மை மட்டும் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறக் காத்திருப்பதுபோலச் சுவரில் சாய்ந்திருக்கும்.

தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் அப்பா வாங்கித் தந்த பொம்மை அது. படுக்கவைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும். இடது கண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறக்கும். என் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பெண்ணின் பெயரை அதற்கு வைத்திருந்தேன். திட்டுவதற்கு வசதியாக இருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா அறிவியல் ஆசிரியை. நடந்தால் ஓட்டம், பேசினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல். அப்படிப்பட்டவளைப் பிள்ளை பிறக்கும்வரை பாத்ரூமுக்குத் தவிர எதற்கும் எழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் உயர்ந்திருக்க வேண்டுமாம். அப்பா பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து செங்கல் கேட்டு வாங்கிவந்து அந்தப் பக்கத்துக் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு அம்மாவின் கட்டில் பூங்காவில் இருக்கும் சறுக்குமரத்தின் சாயலுக்கு வந்துவிட்டது. கால்மாட்டில் எதை வைத்தாலும் அம்மாவின் தலைக்கு உருண்டு போகும். நான் பென்சில், எலுமிச்சம்பழம், என் கோலிக்குண்டு எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்தேன். அம்மா ஒவ்வொன்றையும் பிடித்து வைத்துக்கொண்டு, எது வேகமாக வந்தது, ஏன் வேகமாக வந்தது என்று பாடம் எடுப்பாள்.

எதற்காக இத்தனை பாடு என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பிறகு அம்மா இரண்டு முறை உண்டாகியிருந்தாள். முதலாவது, வெளியே தெரிவதற்கு முன்பே போய்விட்டது. இரண்டாவது ஏழாம் மாதம் வரை வந்தது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா மிஷினில் குட்டிக்குட்டி ஜபலாக்கள் தைத்துப் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தனியாகத் திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. முதல் நாளே அத்தை வந்து எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையையும் துணியையும் சேர்த்தே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்போல என்று நான் நினைத்துக்கொண்டேன். துணியோடு கொடுத்ததில் ஒரு நியாயம் இருப்பதாகவும் பட்டது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை. கடையில் மாமா பெயர் எழுதியிருக்கும், கல்லாவில் அத்தை உட்கார்ந்திருப்பாள். எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்தே கனத்தைச் சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள். எங்கள் வீட்டுக்கு வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவாள். வந்ததும் அடுக்களையைப் பார்த்து ஒன்று, அப்பாவைப் பார்த்து ஒன்று, என் எண்ணெய் வைக்காத தலையைப் பார்த்து ஒன்று என்று சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீர் குடிப்பாள்.

படுத்தே கிடக்க அம்மாவால் முடியவில்லை. புத்தகம் படித்தாள், ரேடியோ கேட்டாள், எனக்கு அடுத்த வகுப்புப் பாடத்தை நடத்தி என் விடுமுறையைக் கெடுத்தாள். கடைசியில், முதல் வேலை குன்னூரில் பார்த்தபோது கற்றுக்கொண்ட பின்னல் ஞாபகம் வந்தது. அப்பா டவுனுக்குப் போய் உல்லன் நூலும் நீள ஊசிகளும் வாங்கி வந்தார். கடைக்காரர், "காஷ்மீருக்கு டூரா சார்?" என்று கேட்டாராம். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

வெள்ளை நூல். அம்மா தலையணைமேல் கையை வைத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தாள். ஊசிகள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம் பல்லி கத்துவதுபோல நாள் முழுவதும் கேட்டது. நூல்கண்டு கால்மாட்டிலிருந்து உருண்டு வந்து அவள் கழுத்தில் முட்டி நிற்கும். ஒரு குல்லா பாதி வளர்ந்திருந்த நேரத்தில் அத்தை வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்க மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் உடுத்துவது புதுத்துணி கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள், அல்லது நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளை போட்டுக் கழித்ததை வாங்கிப் போடுவார்கள். போனமுறை அம்மா இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். அதை அத்தை மறந்திருக்கவில்லை. ஆனால் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. அத்தைக்கு அடங்காத வாய்தான், ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அதற்குப் பூட்டு உண்டு.

"என்ன இது?" என்றாள்.

"குல்லா மதினி."

"இந்த வேக்காட்டுலயா? தலைய அவிச்சு எடுக்கவா?"

"ஐப்பசியில மழை பெய்யும்ல மதினி."

அத்தை மெதுவாக, "யாருக்கு?" என்றாள்.

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் அம்மா ஊசியை நிறுத்திவிட்டாள். குல்லாவை மறைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, என் முதல் ரேங்க் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அத்தையின் பார்வை அம்மாவிடமிருந்து இறங்கி என்மேல் வந்து நின்றது.

"இவ பொம்மைக்கா பின்னுற?"

அம்மா அத்தையையே பார்த்தாள். "ஆமா மதினி. இவ பொம்மைக்குத்தான்."

"அப்படிச் சொல்லு. பொம்மைக்குன்னா பின்னு. யாரு வேண்டாங்குறா? ஒண்ணோட நிறுத்தாத, அம்புட்டுப் பெரிய பொம்மைக்கு ஒரு குல்லா எப்படிப் பத்தும்?"

சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியதுபோல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இத்தனை பெரியவர்கள் சேர்ந்து என் பொம்மையைப் பற்றி யோசிப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அடுத்த வாரம் அத்தையே மஞ்சள் நூல் வாங்கி வந்தாள். "பொம்மைக்கு இந்தக் கலரு எடுப்பா இருக்கும்," என்றாள். என் பொம்மையின் நிறத்தைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மா முறைப்படி அளவு எடுத்தாள். பொம்மையின் தோள், மார்பு, கை எல்லாவற்றையும் நூல் வைத்து அளந்தாள். ஆனால் பின்னி வந்த சட்டையில் பொம்மை முங்கிப்போனது. கைகள் உள்ளேயே தொலைந்துவிட்டன.

"பெருசா இருக்கும்மா," என்றேன்.

"வளர்ற பிள்ளைக்குக் கொஞ்சம் பெருசாத்தான் போடணும்."

"பொம்மை எப்படிம்மா வளரும்?"

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நல்லாச் சோறு போடு, வளரும்," என்றார். அம்மா குலுங்கிச் சிரித்துவிட்டு, குலுங்கக்கூடாது என்று ஞாபகம் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவைச் சிரிக்கவைக்கக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் உத்தரவாயிற்று.

அத்தை எனக்கும் உத்தரவு போட்டாள். சட்டைகளைப் பத்திரமாக எடுத்து வைக்கக்கூடாது. பொம்மைக்கு எப்போதும் போட்டுவிட வேண்டும். அழுக்காக்க வேண்டும், துவைக்க வேண்டும், மறுபடி போட வேண்டும். இப்படி ஓர் உத்தரவை எந்தப் பெரியவர் வாயிலிருந்தும் நான் அதுவரை கேட்டதில்லை. "நல்லாப் போட்டு அடிச்சு விளையாடு மருமகளே. உன் பொருளுதானே?" என்பாள். நானும் மனதாரக் கீழ்ப்படிந்தேன். மொட்டைமாடியில் துவைத்துக் காயப்போட்டபோது மஞ்சள் சட்டை தண்ணீரின் கனத்தில் நீண்டு பாவாடையாகிவிட்டது. அம்மா அதைப் பிரித்து, அதே நூலில் திரும்பவும் பின்னினாள். பிரித்த நூலைச் சுற்ற என் இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கட்டில் பக்கம் உட்கார்ந்திருப்பேன். மூக்கு அரித்தால் அம்மா ஊசியின் மழுங்கிய பக்கத்தால் சொறிந்துவிடுவாள்.

கீழ்வீட்டில் எங்கள் வீட்டுக்கார அம்மா இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் தம் பிள்ளைகளிடம் பேசும் பாஷை எனக்குப் புரியாது, ஆனால் எங்களிடம் தமிழில் கேலி செய்வது நன்றாகப் புரியும். ஆவணியில் ஒருநாள் அம்மாவுக்குப் புளியோதரை கொண்டுவந்தவர், சட்டையும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்த பொம்மையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பொம்மைக்கு இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்.

"ஏழு," என்றாள் அம்மா.

"இல்ல, அஞ்சுதான். சித்திரையிலதான வாங்குனோம்?" என்றேன் நான்.

வீட்டுக்கார அம்மா பொம்மையின் கன்னத்தைத் தொட்டு, விரலை மடக்கி நெட்டி முறித்தார். என் பொம்மைக்குத் திருஷ்டி கழித்த முதல் ஆள் அவர்தான். நான் பெருமையில் உப்பிப்போனேன்.

ஏழாம் மாதம் கடந்தது. அந்த மாதம் முழுக்க அத்தை கடையை மாமாவிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மாமா கடையைக் கவிழ்த்துவிடுவார் என்று தினமும் புலம்பினாளே தவிர, கிளம்பவில்லை. அம்மாவோ நாளுக்கு நாள் தெம்பாகிக்கொண்டு வந்தாள். குரல் பழையபடி பெரிதாயிற்று. படுத்தபடியே என்னைப் பள்ளிக்குக் கிளப்பினாள், அப்பாவுக்குச் சட்டை பட்டன் தைத்தாள், அத்தைக்குச் செரிமானம் எப்படி நடக்கிறது என்று படம் வரைந்து விளக்கினாள். "எல்லாம் தெரிஞ்சு என்ன, ரசத்துக்கு உப்புப் போட மறந்துருவ," என்றாள் அத்தை.

தம்பி புரட்டாசியிலேயே பிறந்துவிட்டான். சொன்ன நாளுக்கு வெகு முன்பாகவே. பள்ளிவிட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது, செங்கல் மட்டும் இருந்தது. வீட்டுக்கார அம்மா எனக்குச் சோறு போட்டார். சாயங்காலம் அப்பா வந்து, தம்பி பிறந்திருக்கிறான், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றார். பொருட்காட்சியில் பொம்மைகளையும் கண்ணாடிப் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். அதனால் எனக்கு அதில் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சில நாட்கள் அப்படிப் போயின. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு காலையில் அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள், உடம்பில் சூடு தங்கவில்லை, கம்பளித் துணி கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்கும் கேட்டது. என் பொம்மைச் சட்டைகளெல்லாம் அலமாரியில் ஒரு செருப்புப் பெட்டியில் இருந்தன. அத்தைக்கு அந்த இடம் தெரியும். கை நீட்டினால் எட்டும்.

அவள் கை நீட்டவில்லை. முழங்கால் வலிக்காரி, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மருமகளே, உன் பொம்மைச் சட்டைய உன் தம்பிக்குக் குடுப்பியா?"

"மாட்டேன்," என்றேன்.

இதை யோசித்துச் சொன்னதாக ஞாபகமில்லை. எனக்கு இருந்த சொத்து அது. ஐந்தாறு மாதமாக ஊரே சேர்ந்து, உன் பொருள், உன் பொருள் என்று சொல்லி வளர்த்த சொத்து.

அப்பா பொறுமை இழந்து, "என்ன கேட்டுக்கிட்டு இருக்க? எடுத்துட்டு வாக்கா," என்று அலமாரிப் பக்கம் போனார்.

"நீ சும்மா இருடா. தொடாத. அவ பொருளு. அவளாக் குடுக்கணும்."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். எடுத்துக்கொண்டு போயிருந்தால் அது பிறக்குமுன்பே பிள்ளைக்குச் செய்துவைத்த துணியாகிவிடும். நான் கொடுத்தால் ஒரு பிள்ளை போட்டு விளையாடிக் கழித்த பழந்துணி. இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதற்காக அத்தை அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் மனம் இளகுவதற்குக் காத்திருந்தாள். மிரட்டவில்லை. கடையிலிருந்து சொப்புச் சாமான் செட் தருகிறேன் என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசியே பழகியவள் அன்று பேரம் பேசவில்லை.

இதை எழுதும் எனக்கு இப்போது வயதுவந்த மகள் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவள் உண்டாகியிருந்தபோது போனைப் பார்த்துப் பார்த்துத் துணி வாங்கினாள். பார்சல்கள் வந்துகொண்டே இருந்தன. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரம்மா பார்க்கிறார்கள் என்றாள். நானும் படித்தவள்தான், சரி என்றேன். ஐந்தாம் மாதம் எல்லாம் முடிந்துபோனது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அலமாரியைக் காலி செய்தவள் நான். அதில் துணியால் கெட்டது வந்தது என்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத அந்தக் குட்டிச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தபோது, அன்று அம்மா ஏன் வாதம் செய்யாமல் பொம்மைக்கு என்று ஒப்புக்கொண்டாள் என்று புரிந்தது. பிள்ளையில்லாமல் வீடு திரும்ப நேர்ந்தாலும் அந்த வீட்டில் இருக்கப்போவது உயிரோடு ஓடியாடும் ஒரு மகளின் பொம்மைத் துணிகள் மட்டுமே. அவற்றை யாரும் மூட்டை கட்டத் தேவையில்லை. மகள் இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். போன் அடித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடத்தான் செய்கிறேன். ஆனாலும் இந்த முறை நல்லபடியாக வரும் என்றே மனது சொல்கிறது.

அன்று நான் கடைசியில் இறங்கி வந்தேன். இரண்டு நிபந்தனைகள். தம்பியை நான் பார்க்க வேண்டும். சட்டையை நானே என் கையால் கொடுப்பேன். அத்தை அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளை விட மாட்டார்கள். அத்தை ஆயாவிடம் ஏதோ சொல்லி உள்ளே கூட்டிப்போனாள்.

அம்மா சமமான கட்டிலில் படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் பழைய வேட்டித் துணிக்குள் சிவப்பாக ஒன்று சுருண்டிருந்தது. என் பொம்மையைவிடச் சிறியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்கு என் சட்டை எல்லாமே பெரிது என்று அம்மாவிடம் சொன்னேன். பெட்டியைத் திறப்பதற்கு முன் இன்னொரு நிபந்தனையும் ஞாபகம் வந்தது.

"திருப்பித் தந்துரணும். எல்லாத்தையும்."

"எப்பத் தரணும்?" என்றாள் அம்மா.

யோசித்துவிட்டு, "இவனுக்குப் பத்தாமப் போனதும்," என்றேன். "பத்தாமப் போயிருச்சுன்னா ஒரு நாள்கூட வச்சுக்கக்கூடாது."

அம்மா என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். மழை அடித்துக்கொண்டிருந்தது. "என்ன மதினி, உங்க மருமக கண்டிஷன் போடுறா?" என்றாள் அம்மா.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லு," என்றாள் அத்தை, திரும்பாமலேயே.

நான் சொன்னேன். அம்மா மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னேன். இவர்களுக்குக் காது கேட்கவில்லையா, அல்லது ஏமாற்றப் பார்க்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆயாகூட வாசலில் நின்று கேட்டாள். நானாகத்தான் கறாராக ஒரு பேச்சைப் பேசி, பெரியவர்களை அதற்குக் கட்டுப்பட வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, மஞ்சள் சட்டையை முதலில் எடுத்துக் கொடுத்தேன்.

மாசிக்குள் எல்லாச் சட்டைகளும் திரும்பி வந்துவிட்டன. மஞ்சள் சட்டை அக்குளில் பிரிந்திருந்தது, குல்லா அவன் வளர்ந்த தலையில் ஏறவே இல்லை. என் பொருளைப் பாழாக்கிவிட்டான் என்று நான் அழுது ரகளை செய்தேன். அத்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றபடி, "அழு தாயி, நல்லா அழு," என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் அழுவது இத்தனை சந்தோஷத்தைக் கொடுக்கும் வீட்டில் எனக்கு நியாயம் கிடைக்காது என்று முடிவு செய்து, பொம்மையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.